நாலு மணி சாக்லேட்

வெண்ணெய், பாலாடைக்கட்டி, இனிப்புப் பண்டம்... பிரெஞ்சுக்காரர்கள் எதையும் ஒதுக்குவதில்லை. ஆனாலும், அமெரிக்கர்களைவிட அங்கே உடல் பருமன் குறைவு. எப்படி?

உளவியல் அறிஞர் பால் ரோசினும் அவர் குழுவினரும் பாரிஸிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே மாதிரியான உணவகங்களில் பரிமாறிய உணவை எடைபோட்டுப் பார்த்தார்கள். பாரிஸில் ஒருவருக்கு சராசரி 277 கிராம். பிலடெல்பியாவில் 346 கிராம். 2003-இல் வெளிவந்த ஆய்வு இது. இன்னொன்றையும் கவனித்தார்கள். மெக்டொனால்ட்ஸ் கடையில்கூட பாரிஸ்வாசி ஏறத்தாழ 22 நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிலடெல்பியாவில் 14 நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். குறைவான உணவுக்குக் கூடுதல் நேரம்! எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

பிரான்சில் விருந்து என்றால் ஒவ்வொன்றாகத்தான் வரும். முதலில் சூப்போ காய்கறியோ, பிறகு முக்கிய உணவு, அப்புறம் பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. இடையிடையே பேச்சு. கூடி உண்ணும் இந்த விருந்து மரபை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பிள்ளைகளுக்கும் கண்டநேரத்தில் நொறுக்குத்தீனி கிடையாது. பள்ளிகளில் தின்பண்டம் விற்கும் இயந்திரங்களுக்கு 2005-இல் தடை வந்தது. அதற்காக ஏங்கவிடுவதுமில்லை. மாலை நாலு, நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு, மொறுமொறுப்பான நீள ரொட்டியைப் பிளந்து, நடுவே சாக்லேட் வில்லைகளைச் செருகிக் கொடுக்கிறார்கள். ‘கூத்தே’ என்று அதற்குப் பெயர். அதைத் தின்று முடித்தால், அடுத்தது இரவுச் சாப்பாடுதான்.