எண் இல்லா வில்லைக்கு எண் காணல்

ஒளிப்படக் கலையில் ஒளியை அளந்து உள்ளே விடுவது வில்லையின் துளையாகும். துளை பெரிதாயின் ஒளி மிகும், சிறிதாயின் குறையும். பிற்காலக் கருவிகளில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்கள் துளையின் அளவை உணர்த்துகின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான பித்தளைக் குழல் வில்லைகள் பலவற்றில் எவ்வெண்ணும் பொறிக்கப்படவில்லை. அவ்வில்லைகளைக் கொண்டு படமெடுக்க விழைவோர் இன்றும் உளர். ஒளியின் கணக்குப் பிழைபடின், அரிதின் முயன்று பூசிய கண்ணாடித் தகடோ விலைமிகு படச்சுருளோ வீணாகும். எனவே எண் இல்லா வில்லைக்கு எண் காணும் முறையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

எண் ஏன் இல்லை?

டாகரின் ஒளிப்பட முறை 1839இல் பாரிசில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஜோசப் பெட்சுவால் என்னும் கணித அறிஞர் உருவப்படத்திற்கு ஏற்ற வில்லையைக் கணக்கிட்டு வகுத்தார். வியன்னாவில் வாய்க்ட்லாண்டர் அதனைச் செய்தளித்தார். அக்காலத் தகடுகளுக்குப் பல நொடிகள், சில வேளைகளில் நிமிடங்களே கூட, ஒளி வேண்டியிருந்தது. கலைஞர் வில்லையின் மூடியைக் கையால் நீக்குவார், மனத்துள் எண்ணுவார், மீண்டும் மூடுவார். பட்டறிவே அவருக்கு அளவுகோலாயிற்று.

1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளைக் குழலின் பிளவில் செருகும் முறையைக் கொணர்ந்தார். காலப்போக்கில் இத்தகடுகள் வில்லையினின்றும் பிரிந்து தொலைந்தன. 1871இல் ரிச்சர்டு மேடாக்ஸ் ஜெலட்டின் தகட்டு முறையை வெளியிட்டார். அது வளர்ந்தபின் நொடியின் ஒரு பகுதியே படமெடுக்கப் போதுமானது. மனத்துள் எண்ணும் வழக்கம் இனி உதவாது. துளைக்கு உறுதியான எண் இன்றியமையாததாயிற்று.

எண்ணின் பொருள்

வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பதே எஃப் எண். விட்டம் வகுக்கும் எண்ணாக நிற்பதால், எண் பெருகத் துளை சிறுக்கும். ஒளியோ துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், எஃப் 8 இல் புகும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே எஃப் 16 இல் புகும்.

துளையின் அளவுக்கும் படிமத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்தல் ஒளிப்படத்திற்கு மிக முந்தியது. பதினோராம் நூற்றாண்டளவில், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், கிரகண காலத்துச் சூரியனின் பிறை வடிவம் துளை போதிய அளவு சிறிதாயிருந்தால்தான் தோன்றும் என விளக்கியுள்ளார்.

குவியத் தொலைவை அளத்தல்

துருத்தி அமைந்த கருவியில் வில்லையைப் பொருத்துக. மிகத் தொலைவிலுள்ள ஒரு பொருளின் படிமம் தேய்த்த கண்ணாடியில் தெளிவாக விழும்போது, வில்லைப் பலகை நிற்கும் இடத்தைக் குறித்துக் கொள்க. அடுத்து, ஓர் அளவுகோலை முன்னே நிறுத்தி, அதன் படிமம் அளவுகோலின் உண்மை அளவிலேயே தெளிவாக விழும்வரை துருத்தியை நீட்டுக. துருத்தி நீண்ட அளவே குவியத் தொலைவாகும். தொலைப்பொருளுக்குப் படிமம் ஒரு குவியத் தொலைவிலும், சம அளவுப் படிமம் இரண்டு குவியத் தொலைவிலும் விழுவதே காரணம். வேறுபாட்டை மட்டுமே கொள்வதால், குழலின் எவ்விடத்திலிருந்து அளப்பது என்னும் ஐயம் எழாது.

விட்டத்தை அளத்தல்

தகட்டின் துளையை நேரே அளந்தால் போதாதோ எனின், போதாது. முன்னுள்ள கண்ணாடி துளையைப் பெரிதாக்கிக் காட்டும். அவ்வாறு தோன்றும் விட்டமே கணக்கிற்கு உரியது. முன்புறம் கண்ணாடியின்றித் துளை மட்டும் அமைந்த இயற்கைக்காட்சி வில்லைகளில் மட்டுமே நேரளவு பொருந்தும்.

தோன்றும் விட்டத்தை அறிய எளிய வழி உண்டு. வில்லையைத் தொலைப்பொருளுக்கு ஏற்ப நிறுத்தியபின், தேய்த்த கண்ணாடியின் இடத்தில் நடுவே ஊசித்துளையிட்ட அட்டையை வைக்க வேண்டும். அறையை இருளாக்கி, அட்டைக்குப் பின்னே விளக்கை ஏற்றுக. வில்லையின் முன்னே மெல்லிய தாளைப் பிடித்தால் அதில் ஒளிவட்டம் விழும். குவியத்திலிருந்து புறப்படும் ஒளி வில்லையைக் கடந்து இணைகதிராக வெளிவருவதால், அவ்வட்டத்தின் விட்டமே நாம் தேடும் விட்டம்.

ஓர் எடுத்துக்காட்டு

குவியத் தொலைவு 240 மி.மீ.; தகடு செருகாதபோது ஒளிவட்டம் 60 மி.மீ. எனக் கொள்வோம். எண் எஃப் 4 ஆகும். 27 மி.மீ. துளையுள்ள தகட்டைச் செருகியபோது வட்டம் 30 மி.மீ. எனில், அது எஃப் 8. துளைக்கும் வட்டத்திற்கும் உள்ள விகிதம் 9க்கு 10. தொலைந்த தகடுகளை இவ்விகிதம் கொண்டு புதிதாகச் செய்யலாம். எஃப் 16 க்கு 15 மி.மீ. வட்டம் வேண்டும், ஆதலின் 13.5 மி.மீ. துளையிடுக.

30 மி.மீ. வட்டத்தில் ஒரு மி.மீ. பிழைத்தால் ஒளிக்கணக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடே மாறும். 7.5 மி.மீ. வட்டத்திலோ அதே பிழை 28 விழுக்காடாகும். சிறுதுளைக்கே மிகுந்த கவனம் வேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

எண் இருப்பினும் அது எஃப் எண்ணாக இராமற் போகலாம். 1881இல் பிரித்தானிய ஒளிப்படச் சங்கம் ‘யூனிஃபார்ம் சிஸ்டம்’ என்னும் முறையை வகுத்தது. அதில் எண் இரட்டித்தால் ஒளிநேரமும் இரட்டிக்கும். அம்முறையின் 4 என்பது எஃப் 8. 8 என்பது எஃப் 11. 16 மட்டுமே இரண்டிலும் ஒன்று. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பழைய கருவிகள் பலவற்றில் இவ்வெண்களே உள்ளன. அளந்து பார்த்தால் எம்முறை என்பது விளங்கும்.

மற்றொன்று, மேற்பூச்சற்ற பழைய கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் 4 முதல் 5 விழுக்காடு ஒளி எதிரொளித்து இழக்கப்படும். காற்றைத் தொடும் ஆறு பரப்புகள் கொண்ட பெட்சுவால் வில்லையில் இவ்விழப்பு நான்கில் ஒரு பங்கை நெருங்கும். ஒளிநேரத்தை அதற்கேற்பச் சிறிது கூட்டுதல் நன்று.

ஓர் அளவுகோல், ஊசித்துளையிட்ட ஓர் அட்டை, ஒரு விளக்கு ஆகிய இவை போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. வாய்பாடாகப் பயிலும் ஒளியியலை மாணவர்கள் இவ்வாறு கைகளால் அளந்து அறிவார்களாயின், கற்ற கல்வி வாழ்வோடு பொருந்தும். பழங்கருவிகளும் பயனின்றித் துருவேறாமல் மீண்டும் ஒளியை எழுதும்.