கொள்ளைநோயைக் கண்காணிக்க மருத்துவமனைத் தரவு உதவுவது எப்படி?

மருத்துவமனையில் ஒருவர் பதிவு செய்யப்படும் நேரத்திலிருந்து வீடு திரும்பும்வரை அவரைப் பற்றிப் பல குறிப்புகள் சேர்கின்றன: வயது, முகவரி, தொழில், நோய், சேர்ந்த நாள், வைக்கப்பட்ட பிரிவு, வெளியேறிய நாள். ஒருவருடைய குறிப்பு அவருடைய சிகிச்சைக்கு உதவும். ஆயிரம் பேருடைய குறிப்புகளை நாள்வாரியாகவும் ஊர்வாரியாகவும் அடுக்கினால், நோய் எங்கே பரவுகிறது, அடுத்த வாரம் எத்தனை கட்டில்கள் வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கும் விடை தெரியத் தொடங்கும். முதலாவது கண்காணிப்பு, இரண்டாவது திட்டமிடல்.

கிள்ளான் பதிவேடு

மலாயாவில் இம்முறை நூறாண்டுக்கும் பழையது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், மலேரியாவைக் கட்டுப்படுத்தச் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டும்படி வலியுறுத்தினார். பலன் கிடைத்ததா என்பதை மருத்துவமனைப் பதிவேட்டைக் கொண்டே காட்டினார். நோயாளிகளை அவர்கள் குடியிருந்த இடத்தின்படி பிரித்தார். கிள்ளான் நகரிலிருந்து வந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். வடிகால் வசதி எட்டாத சுற்றுவட்டாரத்திலோ அதே காலத்தில் எண்ணிக்கை 197லிருந்து 353ஆக ஏறியது.

மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் நோய் ஓரளவு குறைந்தது என்றே தோன்றியிருக்கும். நகரம் பிழைத்ததும், ரப்பர்த் தோட்டங்கள் பெருகி வந்த புறப்பகுதி தொடர்ந்து துன்பப்பட்டதும் முகவரியால்தான் வெளிப்பட்டன. தோட்டங்களில் ஆள்தொகையும் கூடிக்கொண்டிருந்ததால், நோயாளிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையோடு ஒப்பிட்டால்தான் ஏற்றத்தின் உண்மை அளவு தெரியும். இன்று 'ஒரு லட்சம் பேருக்கு இத்தனை' என்று கணக்கிடுவதும் இதற்காகவே.

நிப்பா தந்த பாடம்

1998 முதல் 1999 வரை பேராக்கிலும் மலாக்காவுக்கு அண்டையிலுள்ள நெகிரி செம்பிலானிலும் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கோ நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த வயதுவந்த ஆண்கள். வயதும் தொழிலும் முதல் கணிப்போடு பொருந்தவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிப்பா என்னும் புதிய வைரஸைக் கண்டறிந்தனர். மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். பதிவுத்தாளில் 'தொழில்' என்ற ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பாகக்கூடும் என்பதற்கு இது சான்று.

கோவிட் காலம்

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பட்டியலிலுள்ள நோய்களைக் கண்டறியும் மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 ஜனவரி 25இல் மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் உறுதி செய்யப்பட்டனர். நோயாளிகள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டனர்: அறிகுறி இல்லாதவர், லேசான அறிகுறி உள்ளவர், நிமோனியா கண்டவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர், சுவாசக் கருவி தேவைப்படும் அளவுக்கு மோசமானவர். யாரை எங்கே வைத்துப் பார்ப்பது என்ற முடிவுக்கு இப்பிரிவே துணைநின்றது.

2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அந்த மாதமே சுகாதார அமைச்சு தன் கோவிட் தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மலாக்கா உட்பட ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்டில்கள், அன்று சேர்ந்தோர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போர், சுவாசக் கருவிகள் ஆகியவற்றின் கணக்கு நாள்தோறும் வெளிவந்தது. ஆகஸ்டில், தேசிய மீட்சித் திட்டத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கான அளவுகோலாகப் புதிய தொற்றுகளுக்குப் பதிலாக, அறிகுறியோடு மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை வைக்கப்பட்டது. பரிசோதனை குறைந்தால் தொற்று எண்ணிக்கையும் குறைந்ததுபோலத் தெரியும். மூச்சுத் திணறி வருபவரின் எண்ணிக்கை அவ்வளவு எளிதில் மறையாது.

கட்டில் கணக்கு

திட்டமிடலின் அடிப்படைப் பெருக்கல் எளியது. நாளுக்கு 20 பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் சராசரியாக 10 நாள் தங்கினால் 200 கட்டில்கள் வேண்டும். தங்கும் காலம் 14 நாளானால் 280 வேண்டும். ஆகவே சேர்க்கை ஏறாவிட்டாலும் தங்கும் நாள் கூடினாலே வார்டு நிரம்பிவிடும். தொற்றுக்கும் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் இடையே ஒன்றிரண்டு வாரம் ஆவதால், இன்று நிறைந்திருக்கும் வார்டு சென்ற வாரங்களின் பரவலையே காட்டுகிறது. கட்டில் நிரம்பும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். எனவே கிளினிக்குகளுக்குக் காய்ச்சல், இருமலோடு வருவோரின் எண்ணிக்கையும் சேர்த்துக் கவனிக்கப்படுகிறது.

எண்ணிக்கைக்கு வெளியே இருப்பவர்கள்

மருத்துவமனைக்கு வராதவரை மருத்துவமனைத் தரவு அறியாது. கோவிட் காலத்தில் மருத்துவமனையை அடையுமுன் இறந்தவர்களை மலேசியா தனியாகக் கணக்கிட்டது மிகச் சரியான செயல். போக்குவரத்து இல்லாத தோட்டக் குடும்பம், ஆவணமில்லாத தொழிலாளி, ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர் ஆகியோர் தாமதமாக வருவார்கள், அல்லது வராமலே போவார்கள். ஓரிடத்தில் சேர்க்கை குறைவு என்பதால் அங்கே நோய் குறைவு என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

இடத்தின் அளவும் முக்கியம். மலாக்காவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள் மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று இடங்களில் உள்ளன. மாநிலக் கூட்டுத்தொகையில் பாயா ரும்புட் போன்ற ஓர் ஊரின் நிலை தெரியாது. மாவட்டத்தின் உட்பிரிவான முக்கிம் அளவில் பிரித்தால்தான் தெரியும். ஆனால் சிற்றூரில் வயது, இனம், தொழில் மூன்றும் சேர்ந்தால் ஆளே அடையாளம் தெரிந்துவிடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாததால், அரசு மருத்துவமனைகளின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. நுண்ணிய தரவைச் சுகாதார அதிகாரிகள் மட்டும் பயன்படுத்துவதும், பொதுவில் வெளியிடும்போது பெயரை நீக்கி, சிறிய எண்ணிக்கைகளை ஒன்றுசேர்த்து வாரக் கணக்காகத் தருவதும் இதற்கு வழி.

இத்தனைக்கும் அடிப்படை, கொள்ளைநோய் இல்லாத காலத்திலும் ஒழுங்காக எழுதப்படும் பதிவு. வழக்கமான வாரத்தில் எத்தனை பேர் நிமோனியாவோடு சேர்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால்தான், அசாதாரணமான வாரத்தை அடையாளம் காண முடியும்.