இரண்டு அலை சேர்ந்தால்?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். அங்கிருந்து கிளம்பிய சுனாமி நம்ம கல்பாக்கத்தையும் தாக்கியது. நகரியத்தில் பல உயிர்கள் போயின.

சுனாமி ஒரே அலை இல்லை, பல அலைகள். நேரா வரும் அலையும், கரையில் மோதித் திரும்பும் அலையும் வழியில் சந்திக்கும். அப்போ உயரம் என்ன ஆகும்? கணக்குப் போடுவோமா?

ஓர் அலை 3 மீட்டர் எழும்பி, 3 மீட்டர் தாழும். இன்னொன்று 2 மீட்டர் என வைத்துக்கொள்வோம்.

முகடும் முகடும் சேர்ந்தால்: 3 + 2 = 5 மீட்டர்.
முகடும் அகடும் சேர்ந்தால்: 3 – 2 = 1 மீட்டர்.

இதுதான் குறுக்கீட்டு விளைவு.

முதல் அலை சின்னதா வந்துட்டுப் போனா, வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போகாதீங்க. அடுத்தது பெரிசா வரலாம். ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் வரை மேட்டிலேயே இருங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி