படிகத்துக்குள் நுழையும் ஆவி

மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போகும் நீலகிரி உருளைக்கிழங்கின் மாவுச்சத்து, நுண்ணோக்கியில் முட்டை வடிவத் துகள்களாகத் தெரியும். ஒவ்வொரு துகளிலும் ஒரு பகுதி படிகம். மிச்சமெல்லாம் ஒழுங்கின்றிக் கிடக்கும் குளுக்கோஸ் சங்கிலிகள். நன்றாக உலர்த்திய இந்த மாவை அயோடின் ஆவியில் வைத்தால் பழுப்புதான் ஏறும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த கருநீலம் வராது. மாவில் ஈரம் கூடக் கூடத்தான் நிறம் நீலத்தை நெருங்கும்.

காரணம் அடுக்கில் இருக்கிறது. கிழங்கில் இயல்பாக உள்ள படிகத்தில், சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு நெருங்கி நிற்கின்றன. முறுக்குக்குள் அயோடினுக்கு இடமில்லை. ஈரம் பட்டால் ஒழுங்கற்ற பகுதியிலுள்ள அமைலோஸ் என்னும் குளுக்கோஸ் சங்கிலி இளகி, ஒற்றைச் சுருளாக வளைகிறது. ஒரு சுற்றுக்கு 6 குளுக்கோஸ். நடுவிலுள்ள குழலில் அயோடின் அணுக்கள் வரிசையாக அமர்ந்ததும் நீலம் தோன்றுகிறது.

1943இல் ரண்டில், பிரெஞ்சு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தனர். ஆல்கஹால் சேர்த்து வீழ்படிவாக்கிய அமைலோஸில் சுருள்கள் முன்பே தயாராக இருக்கும். அந்த உலர்ந்த பொடி அயோடின் ஆவியை நேராகவே உறிஞ்சிக்கொண்டது. பொருளும் அதுவே, ஆவியும் அதுவே. அடுக்கு மட்டும்தான் வேறு.

மாவுச்சத்தில் அயோடின் குடியேறுகிறது. சங்கிலியின் பிணைப்பு எதுவும் உடைவதில்லை. புரோமின் அப்படி விடாது. சின்னமிக் அமிலப் படிகத்தின் மேல் அதன் ஆவி பட்டால், கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பில் புரோமின் போய்ச் சேர்ந்துவிடும். கரைப்பானே வேண்டாம். வினை மேற்பரப்பில் தொடங்குகிறது. விளைபொருளின் மூலக்கூறு பருமனானது என்பதால் பழைய அடுக்கில் அடங்காமல் மேல்தோல் வெடித்து உதிர, உள்ளிருக்கும் புதுப் பரப்பு ஆவிக்குத் திறக்கிறது. உதிராமல் அப்படியே மூடிக்கொண்டால் வினை பாதியில் நின்றுவிடும். பொடியாக அரைத்து வைப்பது இதனால்தான்.

அடுக்கின் செல்வாக்கை மிக அழகாகக் காட்டியது இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பென்சியன், ஷ்மிட் இருவரும் 1969இல் வெளியிட்ட சோதனை. டைமெத்தில் சால்கோன் மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை வேறுபாடு கிடையாது. ஆனால் அது படிகமாகும்போது, ஒவ்வொரு படிகமும் இடம்சுழி அல்லது வலம்சுழி அடுக்காக அமைகிறது. அப்படிப்பட்ட ஒற்றைப் படிகத்தைப் புரோமின் ஆவியில் வைத்தபோது, விளைபொருளில் ஒரு கை வடிவம் மற்றதைவிடச் சற்று மிகுந்திருந்தது. மிகுதி சிறிதுதான், சில சதவீதமே. அதே பொருளைக் கரைத்துப் புரோமின் சேர்த்தால் இரண்டும் சரிபாதியாகவே கிடைக்கும்.