களப்பணிக்கு மதிப்பெண் போடுவது யார்?

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, போன வருசம் நோட்டும் பேனாவுமா ரெண்டு பயலுக வந்து வீட்டுக் கதை பூராத்தையும் எழுதிட்டுப் போனாங்களே, பாஸாயிட்டாங்களா?"

பாஸாகிவிட்டார்கள். இருவரும் சமூகப்பணி முதுகலை மாணவர்கள், எனக்குப் பழக்கமானவர்கள். ஒருவனுடைய பதிவேடு வழுவழுப்பான ஆங்கிலத்தில் இருந்தது; அதிக மதிப்பெண். மற்றவன் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. சனங்கள் மனம்விட்டுப் பேசியது அவனிடம்தான். ஆங்கிலம் தட்டியதால் மதிப்பெண் குறைந்தது. அப்படியானால் அங்கே அளக்கப்பட்டது எது? பணித்திறனா, எழுத்துத்திறனா?

இந்தியாவில் இக்கல்வி 1936இல் பம்பாயில், கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரியின் முயற்சியில், டாடா அறக்கட்டளைப் பள்ளியாகத் தொடங்கியது. சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952இல் வந்தது. வகுப்பு பாதி, களம் பாதி என்கிற அமைப்பு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாரத்தில் ஓரிரு நாள் களம், பதிவேடு, ஆசிரியருடன் தனிச் சந்திப்பு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. நிறுவன மேற்பார்வையாளர், ஆசிரியர், வெளித்தேர்வாளர் என்று மதிப்பிட மூன்று பேர். யாரிடம் வேலை செய்யப்பட்டதோ அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் சேருமிடம் என்றார் ஃபூக்கோ (1975). இங்கே அது இரட்டை வேலை செய்கிறது. பதிவேட்டில் அந்த அம்மா ஒரு 'கேஸ்' ஆகிறார். அதே பதிவேட்டால் மாணவன் ஓர் எண்ணாகிறான்.

இதற்கு மாற்று தேடியவர்களும் உண்டு. 'என்ன கற்பித்தோம்' என்பதை விட்டு 'மாணவருக்கு என்ன செய்ய முடிகிறது' என்று கேட்கும் தகுதிப் பட்டியலை அமெரிக்கக் கல்விக் குழு 2008இல் கொண்டுவந்தது. அதில் பத்துத் தகுதிகள். 2015இல் அவை ஒன்பதாயின. டொராண்டோவில் மரியன் போகோவும் சகாக்களும் மருத்துவத் தேர்வு முறை ஒன்றை எடுத்தாண்டார்கள். பயிற்சி பெற்ற நடிகர் உதவி தேடி வந்தவராக நடிப்பார். மாணவர் அவரோடு பேசவேண்டும். பிறகு, ஏன் அப்படிப் பேசினாய் என்று தேர்வாளர் விசாரிப்பார். செய்வதும் செய்ததைப் பற்றி யோசிப்பதும் தனித்தனியே மதிப்பிடப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாதியைச் சில நிமிட நடிப்புக்குள் அடக்க முடியுமா? எந்தத் தெருவுக்குள் போகத் தயங்கினான், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான் என்பதைத் தேர்வறை பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய சமூகப்பணிப் பட்டப்படிப்பு, சேவை பெறுவோரையும் கல்வியில் பங்கேற்க வைக்கவேண்டும் என்று விதித்தது. அதை அப்படியே இங்கே இறக்கினால் போதாது. படிவத்தை நீட்டினால் அந்த அம்மா "நல்ல பிள்ளைகதான்" என்றுதான் சொல்வார். படித்தவனுக்கு எதிராகக் கூலிக்காரி வாய்திறப்பது அத்தனை லேசா?

என் யோசனை இது. பதிவேடு தமிழில் எழுதப்படட்டும். அவரவர் பற்றி எழுதியதை, மற்றவர் காதில் விழாமல், அவரவரிடமே மாணவன் வாசித்துக் காட்டட்டும். "இல்லப்பா, நான் அப்படிச் சொல்லல" என்று அவர் மறுக்கும் இடத்தில் மாணவன் என்ன செய்கிறான்? வாதாடுகிறானா, அடித்துத் திருத்துகிறானா, தான் ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டோம் என்று யோசிக்கிறானா? மதிப்பிட வேண்டியது அதைத்தான். இதற்கு நேரமாகும், மேற்பார்வையாளரும் ஊருக்குள் வரவேண்டியிருக்கும். ஆங்கிலத்தின் பின்னால் ஒளிய முடியாது.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "என்னயப் பத்தி எழுதுனத நான் கேக்குறதுக்கு இம்புட்டு யோசனையா?" என்றார்.