சால்மனுக்கு அளவெடுத்த ஏணி

வில்லாமெட் அருவியில் பொதுமக்கள் லாம்ப்ரே பிடிக்க ஜூலை 31 கடைசி நாள் என்று எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. 'அருகிவரும் மீன் என்கிறீர்கள், பிடிக்கவும் விடுகிறார்கள். அதே அமெரிக்காவில் மருந்து ஊற்றியும் கொல்கிறார்கள். எதை நம்புவது?'

மூன்றையும் நம்பலாம். மருந்துக்குச் சாவது, கால்வாய் வழியே ஈரி ஏரிக்குள் புகுந்து மற்றப் பெரிய ஏரிகளுக்கும் பரவிய கடல் லாம்ப்ரே. காப்பாற்றப் பார்ப்பது கொலம்பியா ஆற்றுப் படுகையில் இயல்பாகவே வாழும் பசிபிக் லாம்ப்ரேயை.

அதன் எமன் அணை. மீன் ஏறத்தான் ஏணி கட்டியிருக்கிறோமே என்பது அதிகாரிகளின் பழைய பதில். கொலம்பியா ஆற்றில் 1938-இல் இயங்கத் தொடங்கிய பானவில் அணையின் ஏணி சால்மனை மனதில் வைத்துக் கட்டியது. சால்மன் பாய்ந்து நீந்தும். லாம்ப்ரேவுக்கு அந்த வேகம் கிடையாது. வட்ட வாயால் சுவரைக் கவ்வி இளைப்பாறும். பிடியை விட்டு ஓர் உந்து உந்தும், வெள்ளம் இழுப்பதற்குள் சற்று மேலே மறுபடி கவ்வும். செங்குத்தான ஈரப் பாறையைக்கூட இப்படியே ஏறிவிடும். மாட்டிக்கொள்வது ஏணியின் திருப்பத்தில். கான்கிரீட் சுவர் செங்கோணமாக மடியும் விளிம்பில் நீரின் வேகமும் அதிகம், வாயும் ஒட்டாது. தரையிலோ கம்பி வலை. கவ்வ இடமே இல்லை. அணையடிக்கு வருவதில் சுமார் பாதி மேலே போய்ச் சேர்வதில்லை.

கடலிலிருந்து ஐடஹோவுக்குப் போக இப்படி எட்டு அணைகள். எட்டாவதான லோயர் கிரானைட்டில் 2009-இல் எண்ணியது நூறைக்கூடத் தொடவில்லை. அந்த எண்ணிக்கையும் பெரும்பாலும் பகலில் எடுத்தது. லாம்ப்ரே ஏறுவதோ இரவில்!

மூலையை மழுக்கி, வலைமேல் தகடு போட்டு, நீர் மெலிதாக வழியும் அலுமினியச் சரிவு வைத்தால் ஏறுகிறது. இத்தகைய திருத்தங்களைச் செய்வதாக அணைகளை நடத்தும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை பூர்வகுடிகளிடம் 2008-இல் ஒப்பந்தம் போட்டது. பானவில் அணைக்கு அப்போது வயது 70.

மற்றக் கேள்விகள்:

விலாங்கா? இல்லை, இதற்குத் தாடையே கிடையாது.

பிறந்த ஆற்றுக்கே திரும்புமா? அப்படித் தெரியவில்லை, ஆற்றில் வாழும் குஞ்சுகளின் வாசனையைப் பிடித்து வரும்.

குஞ்சுகள் எங்கே? வண்டலில், பல ஆண்டுகள். பாசன வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினால் அங்கே இருப்பவை கூண்டோடு சாகும்.

லாரியில் ஏற்றி அணைகளுக்கு மேலே விடுகிறார்களாமே? யூமட்டிலா, யாக்கமா, நெஸ் பெர்ஸ் பூர்வகுடிகள் செய்யும் நல்ல வேலை. ஆனால் அந்த மீனை ஏணியின் வெற்றிக் கணக்கில் எழுதக் கூடாது.

பூர்வகுடிகளும் பிடிக்கிறார்களே? காலங்காலமாக அது அவர்கள் உணவு. ஆற்றில் லாம்ப்ரே குறைந்தது அவர்கள் கையால் அல்ல.