வயிற்றுக்குள் போகும் விளக்கு: விழித்திருப்பதா, மயங்கியிருப்பதா?

அவர் வாளை விழுங்கி வித்தை காட்டுபவர். தலையை அண்ணாந்தார். வாயைத் திறந்தார். வளையாத உலோகக் குழாய் ஒன்று அவர் தொண்டை வழியாக இரைப்பைக்குள் இறங்கியது!

இது வித்தை அல்ல, வைத்தியம்!

ஆண்டு 1868. இடம் ஜெர்மனியில் உள்ள பிரைபர்க் நகரம். உயிரோடு இருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார், அடால்ப் குஸ்மால் என்ற டாக்டர். வளையாத குழாயை யார் விழுங்குவார்கள்? வாள் விழுங்குகிறவர் விழுங்குவார்! அவரை அழைத்து வந்து டாக்டர் சோதித்தார். குழாய் உள்ளே போனது. ஆனால் பார்ப்பதற்குப் போதிய வெளிச்சம் இல்லை.

அந்தக் குழாயின் கொள்ளுப் பேரன்தான் இன்றைய எண்டாஸ்கோப்பி குழாய். இது சுண்டு விரல் பருமன்தான். ரப்பர் போல வளையும். நுனியில் விளக்கும் காமிராவும் இருக்கின்றன. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். அவ்வளவுதான் வேலை.

ஆனாலும் பயம் விடுகிறதா?

கடலுக்கு அஞ்சாதவர்கள்

சென்னைக்கு வடக்கே இருக்கிறது பழவேற்காடு. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி, இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று கரை நெடுகிலும் மீனவர் குப்பங்கள். முகத்துவாரத்தில் அலை புரளும்போதும் படகைக் கொண்டு போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களும் ஆஸ்பத்திரிச் சீட்டில் “எண்டாஸ்கோப்பி” என்று எழுதியிருந்தால் கலங்கிப் போகலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடலை அவர்கள் அறிவார்கள். குழாயை அறியார்கள். அறியாத ஒன்றைக் கண்டால் யாருக்கும் அச்சம்தான். அறிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும்.

அச்சம் நான்கு

“டியூப் விடப் போகிறார்கள்” என்றதும் மனசில் எழும் கேள்விகள் பொதுவாக நான்கு.

முதல் கேள்வி: மூச்சு அடைத்துவிடுமா?

அடைக்காது. நம் தொண்டைக்குக் கீழே இரண்டு பாதைகள். ஒன்று மூச்சுக்குப் போகிறது. இன்னொன்று சோற்றுக்குப் போகிறது. குழாய் போவது சோற்றுப் பாதையில். மூச்சுப் பாதை திறந்தே இருக்கும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: வாந்தி வருமா?

குமட்டல் வரும். தொண்டையில் எது பட்டாலும் உடம்பு அப்படித்தான் செய்யும். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிதான் கஷ்டம். அதற்குப் பிறகு வந்தாலும் அலை போல வரும். அலை போலவே தணியும். வயிறு காலியாக இருப்பதால், வாந்தியாக வெளியே வர அநேகமாக ஒன்றும் இருக்காது. அதனால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி: மயக்க ஊசி போட்டால் எழுந்திருப்போமா?

எண்டாஸ்கோப்பிக்குப் போடும் மருந்து அளவானது. விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நாடித் துடிப்பையும், இரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொண்டே இருக்கும். மருந்தினால் மூச்சு மெதுவாகலாம்; இரத்த அழுத்தம் குறையலாம். அதைக் கவனிக்கவே ஆள் பக்கத்தில் இருக்கிறது. குழாயினால் குடலில் கிழிசல் ஏற்படுவதும் உண்டு. ஆனால் சாதாரணமாகப் பார்க்கும் சோதனையில் அது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நேர்வது.

நான்காவது கேள்விதான் பெரியது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “உள்ளே என்ன இருக்கிறதோ?”

இதற்கு ஒரே பதில்: குழாய் நோயைக் கொண்டுபோவதில்லை. இருப்பதைக் காட்டுகிறது. பலருக்கு அது காட்டுவது சாதாரணப் புண்தான். மருந்தால் ஆறிவிடும் புண்!

முதலில் விழுங்கியவர் டாக்டர்!

குழாய் வளையத் தொடங்கியது எப்படி? அதில் ஒரு இந்தியருக்குப் பங்கு உண்டு.

பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு ஆராய்ச்சி செய்தார். தலைமுடி போன்ற கண்ணாடி நூல்களைக் கட்டாகக் கட்டினால், வளைந்த பாதையிலும் படம் போகும் என்று 1954-ல் இருவரும் காட்டினார்கள். அதைப் படித்தார் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர். அமெரிக்காவில் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து வளையும் குழாயைச் செய்தார். 1957-ல் அது தயாரானது. முதலில் அதை யார் விழுங்குவது?

அவரே விழுங்கினார்! அதன் பிறகுதான் நோயாளிக்கு விட்டார்.

ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்று இன்னொரு டாக்டர். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகம் நம்பிய காலம். “இல்லை, கிருமிதான் காரணம்” என்றார் இவர். யாரும் நம்பவில்லை. 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார்! குடிப்பதற்கு முன்பு குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை நன்றாக இருந்தது. குடித்த சில நாளில் வாந்தி கண்டது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை அழற்சி கண்டிருந்தது. அந்தக் கிருமிக்குப் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005-ல் இவருக்கும் இவருடைய கூட்டாளி ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இந்தக் கிருமியை மாத்திரையாலேயே ஒழிக்கிறார்கள். முதுகு வலி, மூட்டு வலி என்று கடையில் வாங்கி அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரையாலும் புண் வரும். எதனால் வந்த புண் என்று தெரிந்தால்தானே சரியான மருந்து கொடுக்க முடியும்?

இரண்டு வழிகள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். எண்டாஸ்கோப்பியை விழித்தபடியும் செய்துகொள்ளலாம். மயக்கத்திலும் செய்துகொள்ளலாம்.

விழித்திருக்கும் வழி: தொண்டையில் மருந்து பீய்ச்சுவார்கள். தொண்டை மரத்துப் போகும். நினைவு முழுக்க இருக்கும். குமட்டலும் தெரியும். முடிந்ததும் எழுந்து நடக்கலாம். தொண்டை மரப்பு போகும்வரை, அதாவது அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, எதுவும் குடிக்கவும் தின்னவும் கூடாது, புரை ஏறிவிடும். பிறகு வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம்.

மயங்கியிருக்கும் வழி: கையில் ஊசி போடுவார்கள். மிடசோலம் என்ற மருந்து பாதித் தூக்கம் தரும். கூப்பிட்டால் பதில் சொல்லலாம். ஆனால் நடந்தது பிறகு நினைவில் நிற்காது. புரோபோபால் என்ற மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். அது ஆழ்ந்த தூக்கம் தரும். அதற்கு மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பார். கஷ்டம் தெரியாது. ஆனால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. படகு எஞ்சினைத் தொடக் கூடாது. மது கூடாது. பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்கு அழைத்துப் போகத் துணைக்கு ஆள் கட்டாயம் வேண்டும்.

எது நல்லது? இரண்டும் நல்லதே! உங்களுக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

பாடும் படகும்

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை தவறினால் அன்றைய வரும்படி போச்சு!

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு நாளைக்கு எண்டாஸ்கோப்பி. மறுநாள் விடியற்காலை பாடு.

“மயக்க ஊசி போட்டுக்கோ நைனா. ஒண்ணும் தெரியாது” என்கிறான் மகன்.

“போட்டுக்கிட்டா மறுநாள் காலையில படகு எடுக்கக் கூடாதாமேடா! நம்ம முறை போயிடும்.”

“அப்ப முழிச்சிக்கிட்டே பண்ணிக்கிறியா?”

“அதை நெனைச்சாத்தான் கை காலு நடுங்குது.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது. “ஏங்க, ரெண்டு நாள் தள்ளிப் போட்டுத் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்களேன். பாடும் போவாது. ஊசியும் போட்டுக்கலாம்.”

அம்மா சொன்னதுதான் புத்தி! அவசரம் இல்லாத சோதனை என்றால் நாளை மாற்றிக் கேட்கலாம். தவறே இல்லை. ஆனால் கேட்கும்போதே அடுத்த தேதியை வாங்கிக்கொள்ள வேண்டும். தேதி இல்லாமல் “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்வது பயத்தின் வேலை!

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து மின்சார ரயில் ஏறினால் சென்னை. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வட சென்னையில் ஸ்டான்லி. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவ்வளவு தூரம் தனியாகத் திரும்ப முடியாது. துணைக்கு ஆள் இல்லையென்றால் விழித்திருக்கும் வழியே ஏற்றது. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா மருந்தும் கொடுப்பதில்லை. “மயக்க ஊசி உண்டா? யார் போடுவார்கள்? எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர்கள்?” என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒளிக்காமல் சொல்லுங்கள்

இதய நோய், ஆஸ்துமா, பலத்த குறட்டை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆடும் பல், கட்டிய பல் இருந்தாலும் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை நோய்க்காரர், பட்டினி கிடக்கும் அன்று மாத்திரையையும் ஊசியையும் என்ன செய்வது என்று கேட்க வேண்டும்.

குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். வழக்கமாகக் குடிப்பவருக்கு மயக்க மருந்து வேலை செய்யும் விதமே மாறும். டாக்டர் கேட்பது உங்களைத் திட்டுவதற்கு அல்ல. மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ளத்தான்.

படுத்தபின் என்ன செய்வது?

இடப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். குழாயைக் கடித்துவிடாமல் இருக்கப் பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைப்பார்கள்.

மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். எண்ணிக்கொண்டே விடலாம். கண்ணை மூடாமல் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்ப்பது சிலருக்கு உதவும். எச்சிலை விழுங்காதீர்கள், வழியட்டும். அதற்காக வெட்கம் வேண்டாம். டாக்டர் தினம் பார்ப்பதுதான்.

“முடியாவிட்டால் கையைத் தூக்குகிறேன்” என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தாலே பலருக்குக் கையைத் தூக்கும் அவசியம் வராது!

உள்ளே சிறு சதைத் துணுக்கு எடுத்தால் பயப்படாதீர்கள். வலிக்காது. சதை எடுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் சதை எடுப்பார்கள். பிறகு ஏப்பம் வரும். தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். ஆனால் கடுமையான நெஞ்சு வலி, வயிற்று வலி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

யார் தள்ளிப் போடக் கூடாது?

சோறு விழுங்கும்போது அடைக்கிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? விடாமல் வாந்தி வருகிறதா? இரத்த சோகை என்று சொன்னார்களா? இவர்கள் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

சென்னை ஆண்களிடையே பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருந்துவரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் ஒன்று. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த வழி உண்டு. முற்றியபின் கண்டால் வழி குறுகும். நடுவில் நிற்பது அந்தப் பத்து நிமிடச் சோதனைதான்.

ஆகவே மீனவ நண்பர்களே, தாய்மார்களே! ஊசி வேண்டும் என்று கேட்பவர் கோழை அல்ல. வேண்டாம் என்பவர் வீரரும் அல்ல. அவரவர் உடம்பு, அவரவர் வேலை, அவரவர் துணை. மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த வழியானாலும் சரி, குறித்த நாளில் போய்ப் படுத்துவிடுங்கள்.